அக்கரைக் கூப்பாடு

"இந்த ஊர்ல ஒருத்தர்கூட ஏரியைத் திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறாங்கடி, கவனிச்சியா?" என்று காலையில் மாடிப்படியில் நின்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை அக்கா. தலையணை உறைகளை எடுத்துக்கொண்டு இறங்கும்போது காதில் விழுந்தது. நாள் முழுக்க அது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வந்து இறங்கிய மறுநாளே கவனித்துவிட்டீர்களே.

உட்காருங்கள். கரண்ட் வர நேரமாகும். உங்கள் வீட்டுக்காரர் பெட்ரோல் போட்டுவிட்டு வரும்வரை இங்கேயே இருங்கள், மேலே இருட்டாக இருக்கும். ஜன்னலா? திறக்கலாம். நாங்கள் சாயங்காலத்தில் திறப்பதில்லை, அவ்வளவுதான். குளிர்தான் காரணம். சரி, நீங்கள் கேட்கிறீர்கள், திறக்கிறேன்.

மெதுவாகப் பேசுகிறேன், உள்ளே அப்பா உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சத்தமாகப் பேசவும் வராது. கல்லூரியில் விலங்கியல் படித்தேன். வாய்மொழித் தேர்வில் எல்லாப் பதிலும் தெரியும், ஒன்றும் வெளியே வராது. மேடம் பாவப்பட்டு, "எழுதியாவது காட்டு" என்பார். பார்ப்பது மட்டும் எனக்கு நன்றாக வரும். இந்த பைனாகுலர் எங்கள் லாட்ஜுக்கு வருகிற விருந்தினர்கள் பறவை பார்ப்பதற்காக அப்பா வாங்கி வைத்தது. அதிகம் பார்த்தது நான்தான்.

ஒன்று சொன்னால் சிரிக்கக் கூடாது. இந்த ஆறாவது வார்டுக்கு நான்தான் கவுன்சிலர். பார்த்தீர்களா, சிரித்துவிட்டீர்கள். பரவாயில்லை. பெண்கள் வார்டு ஆகிவிட்டது, அப்பா நிற்க முடியவில்லை, என்னை நிறுத்தினார். லாட்ஜ்காரர்கள் எல்லோரும் அப்பாவுக்காகப் போட்டார்கள். எதிர்க்கரையில் அமராவதி அக்கா கேட்டார் என்று எனக்குப் போட்டார்கள், அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

எதிர்க்கரை என்றால் அதோ, இருட்டாகத் தெரிகிறதே அந்த மரக்கூட்டம், அதுதான் நாவல்கரை. என் வார்டில்தான் சேர்த்தி. எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள், கீரையும் பேரிக்காயும் போடுகிறவர்கள். ரோடு வழியாக வந்தால் மலையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், அதுவும் ஜீப் கிடைத்தால். தண்ணீர் வழியாக என்றால் ஒரு டீ ஆறுவதற்குள் வந்துவிடலாம். அதற்கு நகராட்சி மோட்டார் படகு ஒன்று இருந்தது. இந்தக் கரையில்தான் நிற்கும். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் நாவல் மரத்தடிக்கு வந்து, "ஓ... படகூ..." என்று கூப்பிடுவார்கள். இந்தப் பக்கத்தில் யார் காதில் விழுகிறதோ அவர், "வந்தாச்சூ..." என்று பதில் கொடுக்க வேண்டும். படகு கிளம்பியிருக்கக்கூட வேண்டாம். பதில் வந்தால் படகு வரும். எங்கள் மஞ்சனூரில் அது அப்படித்தான். பதில் கொடுத்தவர் படகோட்டி சூசை அண்ணனிடம் போய்ச் சொல்ல வேண்டும். படகு வந்து சேரும்போது அவரேதான் படியில் இறங்கி நின்று, வருகிறவருக்குக் கை கொடுத்து ஏற்றிவிட வேண்டும். படியெல்லாம் பாசி. கை கொடுக்காவிட்டால் வழுக்கும்.

நாவல்கரைக்காரர்களுக்கு டம்ளரைத் தள்ளி வைத்துக் கொடுக்கிற டீக்கடைக்காரர்கூட, பதில் கொடுத்துவிட்டால் இறங்கிப் போய்க் கை கொடுப்பார். கரை ஏறியதும் விட்டுவிடுவார். இதையெல்லாம் இந்த ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன்.

அமராவதி அக்கா எங்கள் லாட்ஜ் சமையலறையில் வேலை செய்தார். காலையில் அவர் கூப்பிடுவதைக் கேட்டுத்தான் எங்கள் தெருவில் பலர் எழுந்திருப்பார்கள். அப்படி ஒரு குரல். அப்பா பின்னாலிருந்து "இட்லி ஆச்சா?" என்று கேட்டால், "ஆச்சு முதலாளி" என்று அவர் சொல்வது மேல்மாடி அறை வரைக்கும் போகும். "மெதுவா சொல்லும்மா, நாவல்கரையிலேர்ந்து ஆளுங்க சாப்பிட வந்துரப் போறாங்க" என்பார் அப்பா. அநேகமாக அப்பாதான் அவருக்குப் பதில் கொடுப்பார். முன்பக்க வராந்தாவில் ஷேவ் பண்ணிக்கொண்டே கொடுப்பார். பாதி முகத்தில் நுரையோடு படிக்கு இறங்கிப் போய் நிற்பார். "என்ன முதலாளி, பாதி வெள்ளைக்காரனா நிக்கிறீங்க? எந்தப் பாதி கை குடுக்குது?" என்று கேட்டுக்கொண்டே அமராவதி அக்கா கையைப் பிடித்து ஏறுவார்.

என்னிடம் சொல்வார், "உனக்குக் குடுக்க வேண்டிய குரலையும் சேர்த்து எனக்கே குடுத்துட்டான் கண்ணு அந்த ஆண்டவன்." தேர்தலின்போது நாவல்கரையில் வீடு வீடாகப் போனதும் அவர்தான். நான் பின்னால் நின்றேன். "புள்ளைக்குப் பேச வராது. பேசுறதை நான் பேசிக்கறேன். ஓட்டை மட்டும் அதுக்குப் போடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் போட்டார்கள்.

அதன் பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை. முதலில் நேரமில்லை. பிறகு படகு இல்லை.

படகு எப்படி இல்லாமல் போனது என்பதுதான் விஷயம். போன பட்ஜெட் கூட்டம். எங்கள் மன்றத்தைப் பார்த்திருக்கிறீர்களா, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பச்சைக் கட்டடம். தலைவர் ஞானவடிவேல் ஐயா நல்ல மனிதர். ஊருக்கு நாலு பேர் வந்தால்தான் ஊர் பிழைக்கும் என்பார். அதில் தப்பில்லையே. சீசனுக்கு முன்னால் ஏரியை அழகுபடுத்த வேண்டும், சீரியல் விளக்கு போட வேண்டும், மிதிக்கிற அன்னப் படகுகள் வாங்க வேண்டும். மோட்டார் படகு புதிதாக வாங்க நிதி போதாது. இருக்கிற படகுக்கே பெயின்ட் அடித்து, மேலே கூரை போட்டு, ஒரு வருஷத்துக்கு 'ஏரி உலா' என்று விட்டுவிடலாம். நாவல்கரைக்குத்தான் ரோடு இருக்கிறதே.

இந்த யோசனையைத் தலைவருக்குச் சொன்னவர்களில் அப்பாவும் ஒருவர். எல்லா லாட்ஜ்காரர்களும் சேர்ந்து போய்ச் சொன்னார்கள். சொன்னால் என்ன? அறை நிரம்ப வேண்டாமா?

தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்டார். "ஆறாவது வார்டு மெம்பர், உங்க ஏரியாதானேம்மா? ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லுங்க." எனக்குத் தொண்டையில் ஒரு வாக்கியம் இருந்தது. 'சாயங்காலம் கூப்பிட்டால் யார் போவது?' இவ்வளவுதான் வாக்கியம். சின்ன வாக்கியம். தலைவரின் சட்டைப் பையில் பேனாவுக்கு மூடி இல்லை. வெள்ளைச் சட்டையில் நீல மை ஊறிக்கொண்டிருந்தது. முதலில் மிளகு அளவு, பிறகு பொத்தான் அளவு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ "ஆல் பாஸ்!" என்றார். எல்லோரும் "ஆல் பாஸ், ஆல் பாஸ்" என்று மேஜையைத் தட்டினார்கள். எங்கள் மன்றத்தில் அப்படித்தான் அக்கா. ஒவ்வொரு தீர்மானமாகப் பேசிக்கொண்டிருந்தால் சமோசா ஆறிவிடும்.

நான் தட்டவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் 'ஆல் பாஸ்' என்று சொல்லவும் இல்லை, மேஜையைத் தட்டவும் இல்லை. ஏகமனதாக நிறைவேறியது என்று அவர்களாக எழுதிக்கொண்டார்கள்.

படகு நன்றாகத்தான் இருந்தது. மஞ்சள் பெயின்ட், கூரை ஓரமெல்லாம் விளக்கு. சூசை அண்ணனுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி கொடுத்தார்கள். "நான் இப்போ கேப்டன் பாப்பா. சல்யூட் அடி" என்றார். எங்கள் அறைகள் எல்லாம் நிரம்பின.

நாவல்கரையில் இருப்பவர்களுக்கு வார்டு உறுப்பினர்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு சிலர் சொன்னார்கள். படகு இல்லாமல் எப்படிப் போய்ச் சொல்வது? அவர்களே தெரிந்துகொண்டார்கள். மரத்தடிக்கு வந்து கூப்பிட்டுப் பார்ப்பார்கள். பதில் வராது. ரோட்டுக்கு ஏறிவிடுவார்கள். பதில் வந்தால் படகு உண்டு, வராவிட்டால் இல்லை. அதில் குழப்பமே கிடையாது. இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. டீக்கடைக்காரர் கூப்பாடு கேட்டதும் வாயைத் திறந்துவிடுவார், பிறகு இருமுவார். வாயை மூடிக்கொண்டு நிற்பது பழக்கமில்லாதவர்களுக்குச் சிரமம். எனக்கு அது ஒன்றும் சிரமமாகத் தெரியவில்லை.

அமராவதி அக்கா ஜீப்பில் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தார். பிறகு விட்டு விட்டு வந்தார். பிறகு உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். படிப்படியாக வேலைக்கு வராமல் நின்றுவிட்டார். நாங்கள் வேறு ஆள் வைத்துக்கொண்டோம். இந்தப் பெண் இட்லி நன்றாகச் செய்கிறாள், நீங்களே காலையில் சொன்னீர்கள்.

அன்றைக்கும் இதே நேரம்தான். வெளிச்சம் போகிற நேரம். அப்பா வாசலில் நின்று ஒரு வேனுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார். சேலத்திலிருந்து பெரிய குடும்பம். நான் இந்த ஜன்னலில் நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து, "ஓ... படகூ..." என்று அமராவதி அக்காவின் குரல். வேறு யாருக்கும் அந்தக் குரல் கிடையாது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரிவர்ஸ்ல வாங்க, வாங்க, வாங்க" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே, அதே மூச்சில், "வந்தாச்சூ..." என்றார்.

பழக்கம் அக்கா. பல வருஷத்துப் பழக்கம். வேண்டுமென்று யார் கொடுப்பார்கள்?

கொடுத்த பிறகுதான் அப்பா படகைப் பார்த்தார். விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு, உள்ளே யாரோ பாட்டுப் பாட, படகு ஏரிக்கு நடுவில் இருந்தது. அப்பா "அடடா" என்றார். டிரைவர் "சார், இடிக்குமா?" என்று கேட்டார். அப்பா வேனுக்குப் பின்பக்கம் போனார். பிறகு சாவி எடுக்க உள்ளே வந்தார். பிறகு வந்தவர்கள் வெந்நீர் கேட்டார்கள்.

நான் பைனாகுலரில் பார்த்தேன். அமராவதி அக்கா மரத்தடியில், படகு கட்டுகிற கல்லில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஒரு கையை நெஞ்சின் மேல் வைத்திருந்தார். இன்னொரு கையைத் தூக்கிக் காட்டினார். நானும் கையைத் தூக்கினேன். பைனாகுலரில் பார்க்கும்போது, அங்கே இருப்பவர்களுக்கு நாம் தெரியமாட்டோம் என்பது மறந்துபோகும். பரவாயில்லை, உட்கார்ந்து இளைப்பாறுகிறார் என்று நினைத்தேன். படகு இல்லை என்று கத்திச் சொல்லலாமா என்றும் நினைத்தேன். ஆனால் வாசல் நிறைய விருந்தினர்கள். நான் வாழ்நாளில் கத்தியதே இல்லை. பிறகு இருட்டிவிட்டது. இருட்டில் பைனாகுலரில் என்ன தெரியும்?

காலையில் எஸ்டேட்டுக்குப் போனவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். அதே கல்லில் சாய்ந்தபடி, முகம் இந்தக் கரையைப் பார்த்தபடி.

நாங்கள் போனோம். அன்றைக்கு ஏரி உலாவை நிறுத்திவிட்டு அதே மஞ்சள் படகில் தலைவரும் அப்பாவும் மற்றவர்களும் மாலையோடு போனார்கள். நான் படகிலேயே உட்கார்ந்திருந்தேன், இறங்கவில்லை. கூட்டம் அதிகம். அமராவதி அக்காவின் அண்ணி கரையில் நின்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "பதில் கேட்டுச்சே. நாங்க அத்தனை பேரும் கேட்டோமே. நெஞ்சடைக்குது, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு படகுக்குப் போனா. பதில் வரலைன்னா நாங்க ஜீப்பைக் கூப்பிட்டிருப்போமே. வந்துருச்சேன்னுதானே உள்ள போனோம். யாரு சாமி குடுத்தது அந்தப் பதிலை?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தில் மௌன அஞ்சலி செலுத்தினோம். எல்லோரும் எழுந்து நின்றோம். அது நன்றாக நடந்தது. பிறகு நாவல்கரையில் 'இங்கிருந்து படகு இல்லை' என்று போர்டு வைக்கத் தீர்மானம் வந்தது. அதுவும் பாஸ். அது முடிந்த பிறகுதான் கூப்பாடு கேட்கத் தொடங்கியது.

இல்லை, நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். எனக்கு மட்டும் கேட்டிருந்தால் நான் சொல்லவே மாட்டேன். இந்தக் கரை முழுக்கக் கேட்டது. வெளிச்சம் போகிற நேரத்தில், அதே "ஓ... படகூ..." டீக்கடைக்காரர் சீக்கிரம் கடையை எடுத்துவைக்க ஆரம்பித்தார். பஜ்ஜிக் கடைக்காரர் கடையையே திருப்பிப் போட்டுக்கொண்டார், முதுகு ஏரிக்கு. நீங்கள் சொன்னீர்களே, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று. பார்த்தால் பதில் வந்துவிடும் அக்கா, வாயிலிருந்து. அதனால்தான். அப்பா பின்கட்டில் கொல்லைப் பக்கம் உட்கார்ந்து ஷேவ் பண்ணிக்கொள்கிறார். சூசை அண்ணன் நாவல்கரைக்கு ஆளனுப்பி, யாராவது விளையாட்டுக்குக் கூப்பிடுகிறீர்களா என்று விசாரித்தார். "நாங்க யாரும் அந்த மரத்தடிக்கே போறதில்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு மன்றத்தில் இன்னொரு தீர்மானம் வந்தது. சுற்றுலாப் பயணிகளின் மகிழ்ச்சிக்காக ஏரிக்கரையில் ஒலிபெருக்கி வைத்து, மாலை நேரத்தில் பாட்டுப் போடுவது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அந்த ஒரு தீர்மானத்துக்கு மட்டும் "ஆல் பாஸ்" என்று ஒருவரும் கத்தவில்லை. தலைவர் குனிந்துகொண்டே, "சரி, ஆச்சு" என்றார். நேற்று சாயங்காலம் நீங்கள்கூட, பாட்டு ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்டீர்கள்.

இன்றைக்கு கரண்ட் இல்லை. அதனால் பாட்டும் இல்லை.

நாளைக்கு மறுபடியும் பட்ஜெட் கூட்டம். படகை நிரந்தரமாக ஏரி உலாவுக்கே ஒதுக்குகிற தீர்மானம் வருகிறது. அது பாஸ் ஆகிவிட்டால் நாவல்கரைக்கு இனிமேல் படகே இல்லை. அப்பா நேற்றிலிருந்து என் பின்னாலேயே வருகிறார். "நாளைக்கு எந்திரிச்சு நில்லு மங்கை. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ அவங்க மெம்பர்டி" என்கிறார். "லாட்ஜ்காரங்க கேட்டுத்தானேப்பா தீர்மானம் போட்டாங்க" என்றேன். "ஆமா, நான்தான் கேட்டேன். இப்ப நான்தான் சொல்றேன்" என்றார். "பார்க்கலாம்பா" என்றேன். நான் சொல்லி என்ன ஆகப்போகிறது, நீங்களே சொல்லுங்கள். எல்லாம் முடிவான விஷயம். அப்பா, "அமராவதி இருந்திருந்தா உனக்காகப் பேசியிருப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு வருத்தமாக இருந்தது. என்னிடம் மட்டும் ஏன் எல்லோரும் பேசு பேசு என்கிறார்கள்?

பொறுங்கள்.

கேட்டதா?

உங்களுக்கும் கேட்டதுதானே. ஏரிப் பக்கம் திரும்பிவிட்டீர்களே. ஜன்னலை மூடிவிடட்டுமா? நான் முதலிலேயே குளிரும் என்று சொன்னேன்.

அப்பா, எங்கே போறீங்க? செருப்புகூட இல்லாம... அப்பா?

காது கேட்காத மாதிரி போகிறார். அவருக்கு நன்றாகவே காது கேட்கும். முன்பக்கமாகப் போகிறார் அக்கா. அவர் முன்பக்கம் போய் எவ்வளவு நாளாகிறது. படித்துறைக்கா? அங்கே மோட்டார் படகு இல்லை, டீசல் ஏற்றக் கொண்டு போயிருக்கிறார்கள். அன்னப் படகுகள்தான் கட்டிக் கிடக்கின்றன. சூசை அண்ணன் எழுந்து வருகிறார். கேளுங்கள், அவர் சத்தம் இங்கே கேட்கிறது. "அண்ணே, டைம் முடிஞ்சிருச்சுண்ணே. அண்ணே, லைஃப் ஜாக்கெட்டாவது..." பாவம், இந்த அரை இருட்டிலும் தொப்பியைக் கழற்றவில்லை.

அப்பா சங்கிலியை எடுத்துவிட்டார். ஒரு அன்னத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் வைத்து...

"வந்தாச்சூ..."

டீக்கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். பஜ்ஜிக் கடைக்காரரும். எல்லோரும் ஏரியைப் பார்த்துத்தான் நிற்கிறார்கள்.

அந்த பைனாகுலரை எடுங்கள். நன்றி. கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது, தெரிகிறது. அப்பாவுக்கு மிதித்துப் பழக்கமில்லை, கோணலாகப் போகிறார். இரண்டு பேர் உட்காருகிற படகு, ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் அவர் இருக்கிற பக்கமாகச் சாயும். அன்னத்தின் கழுத்தே சாய்ந்துதான் போகிறது. விழுந்துவிடப் போகிறார் என்று பயமாக இருக்கிறது. நாவல் மரத்தடிக்குப் போய்விட்டார். அங்கே யாரும் இல்லை. எனக்கு நன்றாகத் தெரிகிறது, அங்கே கல்தான் இருக்கிறது. படகிலிருந்து எட்டிக் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆள் ஏறும்வரைக்கும் படகு ஆடாமல் பிடித்துக்கொள்வார்களே, அப்படி. இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார். இப்போது விட்டார்.

திரும்புகிறார்.

நேராக வருகிறார். அன்னத்தின் கழுத்து நிமிர்ந்து இருக்கிறது. இந்தத் தடவை படகு சாயவில்லை. காற்றாக இருக்கும் அக்கா. காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் அப்படி இருக்கும்.

வந்துவிட்டார். சூசை அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டார். அப்பா முதலில் படியில் இறங்குகிறார், பாசியில் காலை ஊன்றி. படகை முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். திரும்பி, கையை நீட்டுகிறார்.